புதுசா ஒரு ‘ரிஸ்க் ஃபேக்டர்’னு செய்தி வந்தா என்ன பண்ணணும்: ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் கிருஷ்ணகிரியில ஒரு லேப்ல பன்னெண்டு வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். போன மாங்கா சீசன்ல காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, வயசு நாப்பத்தி நாலு, போன்ல ஒரு மெசேஜை எடுத்து நீட்டினாரு, ஹோமோசிஸ்டீன், விட்டமின் டி, சிஆர்பி, இன்னும் என்னென்னமோ லிஸ்ட் போட்டிருந்துச்சு, "இதெல்லாம் பாத்துட்டா ஹார்ட் அட்டாக் வருமா வராதானு தெரிஞ்சுருமாம், எவ்ளோ ஆனாலும் பரவால்ல எடுத்துடும்மா"ன்னாரு. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி பிரஷர் ஒரு தடவ பாத்துடலாம்னு பட்டையைச் சுத்தினேன், 168/102. அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சு திரும்பவும் பாத்தேன், 164/100. கடைசியா எப்போ பிரஷர் பாத்தீங்கண்ணானு கேட்டா அவருக்கு ஞாபகமே இல்ல.

அன்னைக்கு அவர்கிட்ட அரை மணி நேரம் பேசினதைத்தான் இங்க கொஞ்சம் ஒழுங்கு பண்ணி எழுதறேன். நான் டாக்டர் இல்ல, மாத்திரை எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா தினமும் இந்த ரிப்போர்ட்டுங்களோட இருக்கறதாலயும், எங்க வீட்டுலயே ஒரு சாவு நடந்ததாலயும் இந்த ஆராய்ச்சி எல்லாம் தேடித் தேடிப் படிச்சிருக்கேன். புதுசா இதைப் படிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு எதை முதல்ல பண்றது, எதை அப்புறம் பண்றது, எதை விட்டுடலாம்னு சொல்லத்தான் இது.

முதல் வேலை: பழைய கணக்கை முடிங்க

ரிஸ்க் ஃபேக்டர்ங்கற பேச்சே ஒரு ஊர்ல இருந்து வந்தது. அமெரிக்காவுல ஃபிரேமிங்கம்னு ஒரு ஊர், 1948ல அங்க 5,209 பேரைச் சேத்து வருஷக் கணக்கா கூடவே இருந்து யாருக்கு ஹார்ட் அட்டாக் வருது, யாருக்கு வரலனு பாத்துட்டே வந்தாங்க. 1961ல அதுல இருந்துதான் பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் ஆபத்துக் காரணிகள்னு எழுதினாங்க, அதுக்கு முன்னாடி வயசானா பிரஷர் ஏறத்தானே செய்யும்னு விட்டுட்டு இருந்த டாக்டருங்க நிறைய பேரு.

அப்புறம் 2004ல இன்டர்ஹார்ட்னு ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு. 52 நாடு, கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேர். இதை முன்ன நின்னு நடத்தினவரு சலீம் யூசுஃப், கேரளாவுல பொறந்து நம்ம ஓசூருக்கு அந்தப் பக்கம் இருக்கற பெங்களூர்ல எம்பிபிஎஸ் படிச்சவரு. ஒம்போதே ஒம்போது விஷயம்: பொகையிலை, ரத்தக் கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய் பழம் சாப்பிடாதது, உடம்பு அசையாதது, அப்புறம் குடி எந்த அளவுங்கறது. இந்த ஒம்போதும் சேந்தே முதல் ஹார்ட் அட்டாக்ல ஆம்பளைங்களுக்கு 90 சதவீதம், பொம்பளைங்களுக்கு 94 சதவீத ஆபத்தை விளக்கிடுதுனு கண்டுபிடிச்சாங்க. ஸ்ட்ரோக்குக்கும் இன்டர்ஸ்ட்ரோக்னு தனியா பண்ணாங்க, அங்கயும் பத்து காரணம் கிட்டத்தட்ட 90 சதவீதம், அதுல முதல் எடம் பிரஷருக்குத்தான்.

இன்னொண்ணு அதே இன்டர்ஹார்ட்ல தெரிஞ்சுது, இதை நான் யார்கிட்டயும் சொல்லாம விடறதில்ல. நம்ம தெற்காசியாக்காரங்களுக்கு முதல் ஹார்ட் அட்டாக் வர்ற நடு வயசு 53, மத்த நாட்டுக்காரங்களுக்கு கிட்டத்தட்ட 59. ஆறு வருஷம் முன்னாடியே வருது. அதனால நாப்பது வயசுல எனக்கென்னனு இருக்கக் கூடாது.

சரி, எப்படி முடிக்கறது இந்தக் கணக்கை? காசு பெருசா ஆகாது. பிரஷர் பாக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி டீ, காப்பி, பீடி வேணாம், ஒண்ணுக்குப் போயிட்டு வந்து உக்காருங்க, அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து கால் ரெண்டும் தரையில, கையை மேசை மேல நெஞ்சு உயரத்துல வெச்சு, பேசாம, ரெண்டு தடவ பாக்கணும். பஸ்ஸ விட்டு எறங்கி படி ஏறி வந்த உடனே பாத்த நம்பரை நம்பி ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க. 140/90க்கு மேல திரும்பத் திரும்ப வந்தா டாக்டர்கிட்ட போங்க. சுகருக்கு ஹெச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாசத்து சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்), கொலஸ்ட்ராலுக்கு லிப்பிட் புரொஃபைல். இடுப்புச் சுத்தளவை தையக்காரர் டேப்பால அளந்துக்கலாம், ஆம்பளைங்க 90 சென்டிமீட்டர், பொம்பளைங்க 80க்குள்ள இருக்கணும். பிரஷர், சுகர் ரெண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்சதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான், அந்தத் திட்டத்துல வேலை பாக்கற அக்கா வீட்டு வாசலுக்கு வந்து பிரஷர் பாத்து மாத்திரையும் குடுத்துட்டுப் போறாங்க, வந்தா "எங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பிடாதீங்க.

அடுத்தது: செய்தியைப் படிக்கக் கத்துக்கோங்க

புதுசா ஒண்ணு ஹார்ட் அட்டாக்குக்கு காரணம்னு செய்தி வந்தா மூணு கேள்வி கேளுங்க. இந்த மூணும் இல்லாம நானும் நிறைய வருஷம் ஏமாந்திருக்கேன்.

ஒண்ணு, ரெண்டும் சேந்து இருக்கா, இல்ல ஒண்ணாலதான் இன்னொண்ணு வருதா? கேஆர்பி டேம்ல பாசனத்துக்குத் தண்ணி விட்டா வயல்ல எல்லாம் கொக்கு வந்து நிக்கும். கொக்கு இருக்கற வயல்ல தண்ணி இருக்குங்கறது உண்மை, அதுக்காக கொக்கைப் புடிச்சிட்டு வந்து காஞ்ச வயல்ல விட்டா தண்ணி வராது. ஹோமோசிஸ்டீன்ங்கறது ரத்தத்துல இருக்கற ஒரு அமினோ அமிலம், அதோட கதையும் இதேதான். ரத்தத்துல ஹோமோசிஸ்டீன் அதிகமா இருக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் அதிகம்னு வருஷக் கணக்கா ஆராய்ச்சி வந்துச்சு, ஃபோலிக் ஆசிடும் பி12ம் குடுத்தா அது எறங்கிடும்னும் தெரியும், அப்போ எல்லாருக்கும் விட்டமின் குடுத்தா போதும்னு நெனச்சாங்க. ஹோப்-2னு ஒரு சோதனை, 5,522 பேர், சுமார் அஞ்சு வருஷம், 2006ல முடிவு வந்துச்சு. ஹோமோசிஸ்டீன் நல்லா எறங்குச்சு, ஹார்ட் அட்டாக் குறையல. நார்வேயில நடந்த நார்விட்லயும் அதே வருஷம் அதே முடிவு. ஸ்ட்ரோக்ல மட்டும் கொஞ்சம் பலன் தெரிஞ்சுது, அப்புறம் 2015ல சீனாவுல பிரஷர் இருக்கற 20,702 பேர்கிட்ட பிரஷர் மாத்திரையோட ஃபோலிக் ஆசிட் சேத்துக் குடுத்ததுல முதல் ஸ்ட்ரோக் 21 சதவீதம் குறைஞ்சுது, அங்க மாவுல ஃபோலிக் ஆசிட் கலக்கற வழக்கம் இல்லாததால பலன் கூடத் தெரிஞ்சிருக்கலாம்ங்கறதையும் சேத்துப் பாக்கணும். அதனால ஹோமோசிஸ்டீன்ல ஒண்ணுமே இல்லனு நான் சொல்லல, அதை எறக்கினா ஹார்ட் அட்டாக் வராதுனு யாராவது மாத்திரை வித்தா நம்பாதீங்கங்கறேன். பி12 கம்மியா இருந்தா கை கால் மரத்துப் போகும், ரத்தசோகை வரும், சைவம் சாப்பிடறவங்களும் ரொம்ப நாளா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை எடுக்கறவங்களும் அதுக்காக பி12 பாக்கறது நியாயம்தான்.

நல்ல கொலஸ்ட்ராலும் இப்படித்தான் ஆச்சு. ஹெச்டிஎல்ங்கற அந்த நல்ல கொலஸ்ட்ரால் அதிகமா இருக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் கம்மிங்கறது உண்மை, சரி ஏத்தி விடலாம்னு டார்செட்ரபிப்னு ஒரு மருந்து கொண்டு வந்தாங்க, ஹெச்டிஎல் 72 சதவீதம் ஏறுச்சு, ஆனா மருந்து எடுத்தவங்க பக்கம் சாவு அதிகமாகி 2006 டிசம்பர்ல சோதனையையே நிறுத்திட்டாங்க.

ரெண்டாவது கேள்வி, அதை மாத்திப் பாத்தாங்களா, எப்படிப் பாத்தாங்க? நல்ல சோதனைனா குலுக்கல் மாதிரி, யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு டம்மி மாத்திரைனு சீட்டுப் போட்டுப் பிரிச்சு, குடுக்கற டாக்டருக்கும் வாங்கறவருக்கும் தெரியாம நடத்தணும். விட்டமின் டி அப்படித்தான் விழுந்துச்சு. விட்டமின் டி கம்மியா இருக்கறவங்களுக்கு இதய நோய் அதிகம்னு பாத்தாங்க, 2018ல வைட்டல்ங்கற சோதனையில 25,871 பேருக்குக் குலுக்கல் போட்டுக் குடுத்தப்போ ஹார்ட் அட்டாக்கும் குறையல, ஸ்ட்ரோக்கும் குறையல.

மூணாவது, சதவீதத்தை ஆள் கணக்கா மாத்துங்க. ஜூபிடர்னு 2008ல ஒரு சோதனை, கெட்ட கொலஸ்ட்ரால் பெருசா இல்லாம சிஆர்பி (உடம்புல அழற்சி, அதாவது உள்வீக்கம் இருந்தா ரத்தத்துல கூடற ஒரு புரதம்) மட்டும் கூட இருக்கறவங்களுக்கு ஸ்டேட்டின்ங்கற கொலஸ்ட்ரால் குறைக்கற மாத்திரை குடுத்தாங்க, 44 சதவீதம் ஆபத்து குறைஞ்சுதுனு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. ஆள் கணக்குல பாத்தா, ஒரு பக்கத்துக்கு 8,901 பேர், டம்மி மாத்திரை பக்கம் 251 பேருக்கு பாதிப்பு, மருந்து பக்கம் 142 பேருக்கு. ஆயிரம் பேருக்கு 28 இருந்தது 16 ஆச்சு, அதுவும் ரெண்டு வருஷத்துக்குள்ள. நல்ல பலன்தான், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா 44ங்கற நம்பரைக் கேக்கறப்போ மனசுல வர்ற படம் வேற, ஆயிரத்துல பன்னெண்டு பேருங்கறப்போ வர்ற படம் வேற.

எதை நெஜமா போய் பாக்கலாம்

இப்போ எங்க சித்தப்பா கதைக்கு வர்றேன். போச்சம்பள்ளி பக்கம், நாப்பத்தி ஆறு வயசு, மாங்கா மண்டியில லோடு எறக்கறப்போ நெஞ்சைப் புடிச்சிட்டு உக்காந்தவரு எந்திரிக்கல. பீடி இல்ல, சுகர் இல்ல, ஆறு மாசம் முன்னாடி நானே எடுத்த கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் நார்மல். அந்த ரிப்போர்ட்டை நான் எத்தன தடவ எடுத்துப் பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. தாத்தாவும் ஐம்பதுக்குள்ள அதே மாதிரி போனவருதான்.

அப்போதான் எல்பி-ஏங்கற லைப்போபுரோட்டீன் ஏ பத்திப் படிச்சேன். கெட்ட கொலஸ்ட்ரால் துகள் மேலயே இன்னொரு புரதம் ஒட்டிக்கிட்டு இருக்கறது. 1963ல நார்வேயில கோரே பெர்க்ங்கறவரு கண்டுபிடிச்சாரு. சாதாரண லிப்பிட் புரொஃபைல்ல இது தனியா தெரியாது. சாப்பாட்டாலயோ உடற்பயிற்சியாலயோ பெருசா மாறாது, பொறப்புலயே ஜீன்ல எழுதினது, உலகத்துல அஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு அதிகமா இருக்கு. நான் மேல சொன்ன கொக்கு கேள்வியை இதுக்குக் கேட்டா பதில் வேற வருது. யாருக்கு இந்த ஜீன் போகணும்ங்கறதை தாய் வயித்துலயே இயற்கை குலுக்கிப் போட்டுடுது, அந்தக் குலுக்கல்ல அதிகம் வாங்கினவங்களுக்கு ஹார்ட் அட்டாக்கும் அதிகம், வாழ்க்கை முறையோட கலந்து குழம்பறதுக்கு எடமே இல்ல. சிஆர்பிக்கு இதே மாதிரி ஜீன் வெச்சுப் பாத்தப்போ அது தேறல.

2019ல ஐரோப்பிய இதயவியல் சங்கம் பெரியவங்க எல்லாரும் வாழ்நாள்ல ஒரு தடவையாவது எல்பி-ஏ பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. என் கருத்து, வீட்டுல யாருக்காவது ஆம்பளைங்களா இருந்து 55க்குள்ள, பொம்பளைங்களா இருந்து 65க்குள்ள ஹார்ட் அட்டாக் வந்திருந்தா கண்டிப்பா ஒரு தடவ பாருங்க. ஒரே தடவதான், வருஷா வருஷம் வேணாம், யாராவது வருஷப் பேக்கேஜ்ல சேத்துப் போட்டா எதுக்குனு கேளுங்க. வெறும் வயித்துல வரணும்னு இல்ல. ரிப்போர்ட் வந்ததும் நம்பருக்கு முன்னாடி யூனிட்டைப் பாருங்க, சில லேப்ல மில்லிகிராம் பர் டெசிலிட்டர்னு வரும், அதுல 50க்கு மேல அதிகம், சில எடத்துல நேனோமோல் பர் லிட்டர்னு வரும், அதுல 125க்கு மேல அதிகம். ஒருத்தர் 110 நேனோமோலை வெச்சுக்கிட்டு 50ஐ விட ரெண்டு மடங்குனு ராத்திரி பூரா தூங்காம காலையில எங்ககிட்ட ஓடி வந்தாரு.

எனக்குப் பாத்தேன், 96 மில்லிகிராம். அழுகை வந்துச்சு. அப்புறம் டாக்டர் உக்கார வெச்சு சொன்னாங்க, இதை எறக்கறதுக்குனே ஊசி மருந்துங்க பெரிய சோதனையில போயிட்டு இருக்கு, ஸ்டேட்டின் இதை எறக்காது, ஆனா இது அதிகமா இருக்கறவங்க கெட்ட கொலஸ்ட்ரால், பிரஷர், சுகர் மூணையும் மத்தவங்களை விட இறுக்கமா புடிச்சு வெச்சா மொத்த ஆபத்து நல்லாவே குறையும்னு. இப்போ என் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 70க்குள்ள இருக்கு. கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்களுக்கும் பாக்கச் சொன்னாங்க, ஒவ்வொருத்தருக்கும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரிய தம்பி பாத்துட்டான், சின்னவன் இன்னும் ஓசூர்ல ஷிப்ட்டு ஷிப்ட்டுனு தள்ளிப் போட்டுட்டு இருக்கான்.

சுகர் இருக்கறவங்க, ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு அதிகமா இருக்கறவங்க டாக்டர்கிட்ட ஏபோ-பி பத்தி ஒரு வார்த்தை கேளுங்க, கெட்ட துகள் எத்தனை இருக்குனு அது எண்ணிக் காட்டும், எல்டிஎல் நார்மலா தெரிஞ்சாலும் துகள் எண்ணிக்கை கூட இருக்கலாம்.

ஹெச்எஸ் சிஆர்பி பாக்கறதா இருந்தா சளி, காய்ச்சல், பல் வீக்கம் இருக்கறப்போ பாக்காதீங்க, 10க்கு மேல வந்தா அது வேற ஏதோ கிருமியோட வேலையா இருக்கும், ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். சாதாரண சிஆர்பி வேற, கொஞ்சமா இருந்தாலும் நுணுக்கமா அளக்கற ஹெச்எஸ் வேற, சீட்டுல எது எழுதியிருக்குனு பாத்துக்கோங்க. சிஆர்பி புகை மாதிரி, நெருப்பு வேற எடத்துல. ரத்தக்குழாய்க்குள்ள அழற்சி நெஜமாவே ஹார்ட் அட்டாக்குக்கு ஒரு காரணம்னு 2017ல கேன்டாஸ்ங்கற சோதனை காமிச்சுது, கொலஸ்ட்ராலைத் தொடாம அழற்சியை மட்டும் குறைக்கற மருந்து குடுத்ததுல ஆபத்து 15 சதவீதம் எறங்குச்சு, ஆனா உயிரை எடுக்கற தொற்றும் அந்த மருந்துல கொஞ்சம் கூடுச்சு.

டெஸ்ட்டே வேணாம், கேட்டாலே போதும்

இது பொம்பளைங்களுக்கு. மாசமா இருந்தப்போ பிரஷர் ஏறிச்சா, முகம் கை கால் வீங்கி வலிப்பு வரும்னு பயமுறுத்தினாங்களா, கர்ப்ப சுகர் இருந்துச்சா? குழந்தை பொறந்ததும் எல்லாம் சரியாயிடுச்சுனு நாம மறந்துடறோம். அப்படி ப்ரீ-எக்ளாம்ப்சியாங்கற கர்ப்ப காலப் பிரஷர் நோய் வந்தவங்களுக்குப் பின்னாடி ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எந்த டாக்டரும் நாப்பத்தஞ்சு வயசுல உங்ககிட்ட பிரசவத்தைப் பத்திக் கேக்க மாட்டாங்க, நீங்களா சொல்லணும். பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு பண்றப்போ குடுக்கற நம்பர்) போட்ட தாய் சேய் அட்டையைத் தூக்கிப் போடாதீங்க, பத்திரமா வைங்க, வருஷத்துக்கு ஒரு தடவ பிரஷரும் சுகரும் பாருங்க.

வாயில அடக்கற பொகையிலை. "நான் பீடி சிகரெட் தொடறதில்ல"ன்னு சொல்லிட்டு ஒதட்டுக்குள்ள பொகையிலை வெச்சிருக்கற எத்தனையோ பேரை நான் ரத்தம் எடுக்கறப்போ பாக்கறேன். மெல்லற பொகையிலையும் ஹார்ட் அட்டாக் ஆபத்தை ரெண்டு மடங்குக்கு மேல ஏத்துதுனு இன்டர்ஹார்ட்ல வந்திருக்கு.

அடுப்புப் புகை, லாரிப் புகை. 2.5 மைக்ரான் தூசி நுரையீரல் வழியா போய் ரத்தக்குழாயைக் கெடுக்குதுங்கறதுக்கு இப்போ ஆதாரம் கெட்டியா இருக்கு. வருஷ சராசரி ஒரு கன மீட்டர் காத்துல 5 மைக்ரோகிராம் தாண்டக் கூடாதுனு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லுச்சு, நம்ம நாட்டு வரம்பு 40. சிலிண்டர் இருந்தும் களி கிண்டறதுக்கும் தண்ணி காய வைக்கறதுக்கும் வெறகுதானேனு வெச்சிருக்கற வீட்டுல அடுப்பையாவது வெளிய காத்தோட்டமா மாத்திடுங்க.

தருமபுரி பக்கத்துல இருந்து வர்றவங்க ஃப்ளோரைடு தண்ணியால ஹார்ட் அடைக்குமானு கேக்கறாங்க. பல்லுலயும் எலும்புலயும் அது பண்ற கெடுதல் உறுதியானது, அதுக்கே ஒகேனக்கல் தண்ணி வர்ற எடத்துல போர் தண்ணியைக் குடிக்காதீங்க. இதயத்துக்குனு தனியா பயப்படற அளவுக்கு ஆதாரம் இல்ல.

தூக்கத்தை அமெரிக்க இதய சங்கம் 2022லதான் இதய நலத்துக்கான எட்டு விஷயத்துல ஒண்ணா சேத்துச்சு, ஏழுல இருந்து ஒம்போது மணி நேரம். ஓசூர் நைட் ஷிப்ட் காரங்க இதைப் படிச்சா பெருமூச்சு விடுவீங்கனு தெரியும். சத்தமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குதுனு வீட்டுக்காரம்மா சொன்னா அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

உப்பு பத்தி ஒண்ணு. சீனாவுல 600 கிராமம், கிட்டத்தட்ட 21,000 பேர், பாதி கிராமத்துக்கு சாதா உப்புக்குப் பதிலா கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு குடுத்தாங்க, 2021ல முடிவு வந்துச்சு, ஸ்ட்ரோக் 14 சதவீதம் குறைஞ்சுது. கிட்னி பிரச்சனை இருக்கறவங்களும் சில வகை பிரஷர் மாத்திரை எடுக்கறவங்களும் டாக்டரைக் கேக்காம இந்த உப்பைத் தொடக் கூடாது, பொட்டாசியம் ஏறினா அதுவே ஆபத்து. மத்தவங்க முதல்ல மாங்கா ஊறுகாயைக் கம்மி பண்ணுங்க.

இப்போ நீங்களே ஒண்ணு பண்ணிப் பாருங்க

2024 மார்ச்ல இத்தாலியில இருந்து வந்த ஆராய்ச்சி. கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை ஆபரேஷன்ல எடுத்த 257 பேரோட அடைப்புல பிளாஸ்டிக் துகள் இருக்கானு பாத்தாங்க, 58 சதவீதம் பேருக்கு இருந்துச்சு, அவங்களுக்கு அடுத்த கிட்டத்தட்ட மூணு வருஷத்துல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், சாவு மூணும் சேத்து நாலரை மடங்கு ஆபத்து. மூணு கேள்வியையும் கேளுங்க. சேந்து இருக்கா, காரணமா? சேந்து இருக்குனு மட்டும்தான் தெரியுது. மாத்திப் பாத்தாங்களா? இல்ல. ஆள் கணக்கு? 257 பேர், எல்லாரும் ஏற்கனவே ஆபரேஷன் வரைக்கும் போனவங்க. அப்போ சூடான சாம்பாரை பிளாஸ்டிக் கவர்ல கட்டி வாங்கறதை விட்டுடுங்க, அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல, ஆனா அதுக்காக பயந்து எந்த டெஸ்ட்டும் எடுக்க வேணாம்.

வந்துட்டா

முகம் ஒரு பக்கம் கோணுது, கை தூக்கினா கீழ விழுது, பேச்சு கொழறுது, திடீர்னு நடை தள்ளாடுது, கண்ணு தெரியல, இதுல ஒண்ணு இருந்தாலும் 108. ஸ்ட்ரோக்குக்கு கட்டியைக் கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்கணும், அதனால ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க, பக்கத்து கிளினிக்ல குளுக்கோஸ் ஏத்திட்டுப் போலாம்னு உக்காராதீங்க. வீட்டுல ஆஸ்பிரின் குடுக்கக் கூடாது, அது ரத்தக்கசிவா இருந்தா இன்னும் மோசமாயிடும்.

நெஞ்சுவலி வேற. கேஸ்னு சோடா குடிச்சிட்டு ஒரு மணி நேரம் பாக்காதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இதயம் காப்போம் திட்டத்துல 2023ல இருந்து முதல் டோஸ் மாத்திரைங்க வெச்சிருக்காங்க, அங்க குடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க.

ரெண்டுலயும், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுனு, ஆள் கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்குனு, கையில கிடைக்கற பேப்பர்லயோ அவங்க கையிலயே பேனாவாலயோ எழுதி விடுங்க, சாப்பிடற மாத்திரை அட்டையை எல்லாம் ஒரு பையில போட்டு கூட எடுத்துட்டுப் போங்க. டாக்டர் கேக்கற முதல் கேள்வியே அந்த நேரம்தான்.